வாக்கு எண்ணும் மேசையில் உட்காரப் போகும் முகவருக்கு

2021 தமிழக சட்டமன்றத் தேர்தலில் திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூரில் ஐ.பெரியசாமி 1,35,571 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். அதே தேர்தலில் தியாகராய நகரில் ஜெ.கருணாநிதி கரையேறியது 137 வாக்கில். மொடக்குறிச்சி 281, தென்காசி 370, காட்பாடி 746. ஆத்தூர் மாதிரித் தொகுதியில் எண்ணிக்கை முகவர் மேசையிலேயே தூங்கிவிட்டாலும் குடி முழுகாது. தி.நகர் மாதிரித் தொகுதியில் ஒரே ஒரு சாவடியின் எண்ணை ஒரு வரி தள்ளி எழுதினால்கூட யார் எம்.எல்.ஏ. என்பதே மாறிவிடும். உங்கள் தொகுதி இதில் எந்த ரகம் என்று காலை எட்டு மணிக்கு யாருக்கும் தெரியாது. அதனால் எல்லாத் தொகுதியையும் தி.நகராகவே நினைத்துத் தயாராக வேண்டும்.

இது வேட்பாளருக்காக மேசையில் உட்காரும் கவுன்ட்டிங் ஏஜென்டுகளுக்கும் அவர்களை அனுப்பும் தலைமை முகவருக்குமான குறிப்பு. ஒவ்வொரு தேர்தலுக்கும் தேர்தல் ஆணையம் சில்லறை மாற்றங்கள் செய்யும். எண்ணிக்கைக்கு முன் தேர்தல் நடத்தும் அலுவலர், அதாவது ஆர்.ஓ., வேட்பாளர்களைக் கூப்பிட்டு நடத்தும் கூட்டத்துக்குக் கட்டாயம் போய், அங்கே தரும் சுற்றறிக்கையை இதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

யாரை அனுப்புவது

ஒரு தொகுதிக்குப் பொதுவாக 14 மேசைகள். அதோடு ஆர்.ஓ. மேசைக்கு ஒருவர், தபால் வாக்கு மேசை ஒவ்வொன்றுக்கும் ஒருவர். படிவம் 18-ல் பெயர், முகவரி, புகைப்படத்தோடு எழுதி, எண்ணிக்கை நாளுக்கு 3 நாள் முன்பு மாலை 5 மணிக்குள் ஆர்.ஓ. அலுவலகத்தில் சேர்த்துவிட வேண்டும். அவர்கள் தரும் அடையாள அட்டை இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. கடைசி நேரத்தில் ஒருவரை மாற்ற வேண்டுமென்றால் படிவம் 19-ல் பழைய நியமனத்தை ரத்து செய்துவிட்டுத்தான் புதியவரைப் போட முடியும்.

அமைச்சர், எம்.பி., எம்.எல்.ஏ., மேயர், நகராட்சித் தலைவர் போன்றவர்களை முகவராகப் போட முடியாது. போலீஸ் பாதுகாப்பில் இருப்பவரும் கூடாது. ‘பாதுகாவலரை வெளியே விட்டுவிட்டு வருகிறேன்’ என்றாலும் விடமாட்டார்கள். அரசு ஊழியர் முகவராக உட்கார்ந்தால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 134-ஏ பிரிவின்படி அவருக்கு 3 மாதம் வரை சிறை. சத்துணவு, அங்கன்வாடிப் பணியாளர்களும் ரேஷன் கடை ஊழியர்களும் இதில் வந்துவிடுவார்களோ என்ற சந்தேகம் வந்தால், அவர்களைத் தவிர்ப்பதே புத்திசாலித்தனம்.

தகுதியைவிட முக்கியம் ஆள் தேர்வு. கட்சிக்கு உழைத்தவருக்கு மரியாதை செய்வதற்காக மேசை கொடுப்பது நம் ஊர்ப் பழக்கம். அந்த மரியாதையை வேறு எங்காவது செய்யுங்கள். மேசைக்கு வேண்டியவர் கண் நன்றாகத் தெரிபவர், நான்கு இலக்க எண்களை வேகமாகக் கூட்டத் தெரிந்தவர், பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கோபப்படாமல் உட்காரக்கூடியவர். வணிகக் கடையில் கணக்கு எழுதுபவரும் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவரும் வட்டச் செயலாளரைவிட இந்த வேலைக்கு உதவுவார்கள்.

கையில் இருக்க வேண்டிய காகிதம்

வாக்குப்பதிவு நாள் மாலையில்தான் எண்ணிக்கையின் பாதி வேலை நடக்கிறது. பதிவு முடிந்ததும் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர், பதிவான வாக்குகளின் கணக்கான படிவம் 17-சி-யின் முதல் பகுதியை நிரப்பி, அதன் நகலைக் கையெழுத்திட்டு ஒவ்வொரு பூத் ஏஜென்டுக்கும் கொடுக்க வேண்டும். இது தேர்தல் நடத்தும் விதிகளில் 49-எஸ் சொல்வது. அவர் செய்யும் உதவி அல்ல. பூத் ஏஜென்ட் ஆறு மணிக்கே கிளம்பிவிட்டால் அந்தச் சாவடிக்கு உங்களிடம் ஆதாரமே இல்லை. எண்ணிக்கை நாளில் இயந்திரம் என்ன காட்டினாலும் தலையாட்டிவிட்டு வர வேண்டியதுதான்.

17-சி-யில் பார்க்க வேண்டிய வரிகள் சில. 17-ஏ என்ற வாக்காளர் பதிவேட்டில் கையெழுத்திட்டவர்களின் மொத்தம் ஒரு வரி. கையெழுத்திட்ட பிறகு ‘ஓட்டுப் போட விரும்பவில்லை’ என்று போனவர்கள் அடுத்த வரி. 49-ஓ என்பது இவர்கள்தான். ரகசியத்தை மீறியதால் வாக்களிக்க அனுமதிக்கப்படாதவர்கள் இன்னொரு வரி. மொத்தத்தில் இருந்து இந்த இரண்டையும் கழித்தால் வருவதும், இயந்திரத்தில் பதிவான மொத்தமும் ஒன்றாக இருக்க வேண்டும். பதிவேட்டில் 812 பேர், 49-ஓ இரண்டு பேர் என்றால் இயந்திரம் 810 காட்ட வேண்டும். 812 காட்டவில்லையே என்று சண்டைக்குப் போகும் முகவர்கள் எல்லாத் தேர்தலிலும் உண்டு. விவிபேட், அதாவது யாருக்கு வாக்கு விழுந்தது என்று சீட்டு அச்சிடும் கருவி, தவறாக அச்சிட்டது என்று வாக்காளர் புகார் செய்து சோதனை வாக்கு போடப்பட்டிருந்தால், அது எந்த வேட்பாளர் கணக்கில் போனது என்றும் 17-சி-யில் குறித்திருப்பார்கள். எண்ணிக்கையில் அதைக் கழிக்க வேண்டும். ஆய்வுக்குரிய வாக்கு, அதாவது தன் பெயரில் வேறொருவர் போட்டுவிட்டுப் போன பிறகு காகிதச் சீட்டில் போட்டது, இயந்திரக் கணக்கில் சேராது.

இவற்றோடு, வாக்குகளைப் பதிந்து வைத்திருக்கும் கன்ட்ரோல் யூனிட்டின் எண், பச்சைத் தாள் முத்திரையின் வரிசை எண் ஆகிய இரண்டும் உங்கள் பூத் ஏஜென்ட் குறித்து வந்திருக்க வேண்டும். நடுவில் இயந்திரம் பழுதாகி மாற்றியிருந்தால் அந்தச் சாவடிக்கு இரண்டு கன்ட்ரோல் யூனிட் இருக்கும். காலை 7 முதல் 10 வரை பதிவான வாக்கு ஒன்றிலும் மீதி இன்னொன்றிலும். இரண்டையும் எண்ணிக் கூட்ட வேண்டும். விவிபேட் மட்டும் மாறியிருந்தால் கன்ட்ரோல் யூனிட் அதேதான். இந்த விவரம் முகவருக்குத் தெரியாவிட்டால், முதல் யூனிட்டை எண்ணி முடித்ததும் ‘பாதி ஓட்டைக் காணோம்’ என்ற கூச்சல் கிளம்பும்.

மேசை எண்ணும் சாவடி எண்ணும்

முதல் சுற்றில் 1 முதல் 14 வரையிலான சாவடிகள் 14 மேசைக்கும், இரண்டாம் சுற்றில் 15 முதல் 28 வரை என்று எல்லோரும் மனக்கணக்குப் போடுவார்கள். நடுவில் துணைச் சாவடி வந்தால் இந்தக் கணக்கு உடையும். வாக்காளர் எண்ணிக்கை வரம்பைத் தாண்டிய இடங்களில் 3-க்கு அடுத்து 3-ஏ என்று ஒரு சாவடி இருக்கும். அப்போது நான்காவது மேசைக்கு வருவது 3-ஏ, ஐந்தாவது மேசைக்கு 4. பதினான்காவது சாவடி இரண்டாம் சுற்றின் முதல் மேசைக்குத் தள்ளப்படும். 2021-ல் கொரோனாவால் சாவடிக்கு ஆயிரம் வாக்காளர் என்று வரம்பைக் குறைத்ததில் தமிழ்நாட்டின் மொத்தச் சாவடிகள் 66,007-ல் இருந்து 88,937 ஆகின. பல தொகுதிகளில் பத்துக்கு மேல் துணைச் சாவடிகள். பழைய கணக்கை வைத்து உட்கார்ந்த முகவர்கள், தங்கள் மேசைக்கு வந்த சாவடிக்கு வேறொரு சாவடியின் 17-சி-யை நீட்டிக்கொண்டிருந்திருப்பார்கள்.

ஆகவே எண்ணிக்கைக்கு முந்தைய நாளே ஆர்.ஓ. வெளியிட்ட இறுதிச் சாவடிப் பட்டியலை எடுத்து, துணைச் சாவடிகளையும் சேர்த்து 1, 2, 3 என்று புதிதாக வரிசை எண் கொடுங்கள். அந்த வரிசையை 14, 14-ஆக வெட்டினால் எந்தச் சாவடி எந்தச் சுற்றில் எந்த மேசைக்கு வரும் என்று கிடைத்துவிடும். 283 சாவடி என்றால் 20 முழுச் சுற்று, 21-வது சுற்றில் 3 மேசை மட்டும். பிறகு 17-சி நகல்களை மேசைவாரியாகப் பிரித்து, சுற்று வரிசையில் அடுக்கி, ஒவ்வொரு முகவரிடமும் அவர் மேசைக்குரிய கட்டை மட்டும் கொடுங்கள். மேசை விட்டு மேசை போக அனுமதி கிடையாது. தவறான கட்டோடு உள்ளே போனவருக்கு வெளியிலிருந்து உதவி வராது.

இந்தப் பட்டியலுக்கு இன்னொரு பயனும் உண்டு. ஒவ்வொரு சுற்றுக்கு எதிரிலும் அதில் வரும் ஊர்களின் பெயரை எழுதிவையுங்கள். சாவடி எண்கள் பொதுவாகத் தொகுதியின் ஒரு மூலையில் தொடங்கி அடுத்தடுத்த ஊராகப் போகும். அதனால் முதல் ஐந்து சுற்று என்பது தொகுதியின் ஒரு பக்கம் மட்டுமே. அந்தப் பக்கம் உங்கள் கட்சிக்குப் பலமான ஒன்றியமாக இருந்தால் ஐயாயிரம் முன்னிலை பெரிய விஷயமில்லை. எதிரிக்குப் பலமான இடத்தில் ஐந்நூறு பின்னடைவு என்றால் அது நல்ல செய்தி. டிவியில் ‘முன்னிலை’ என்று ஓடும் பட்டையை நம்பிப் பட்டாசு வாங்குபவர்கள் இந்தப் பட்டியலைப் போடாதவர்கள்.

காலை

ஏழு மணிக்குள் மையத்தில் இருங்கள். மையத்தைச் சுற்றி 100 மீட்டருக்கு வாகனத்துக்குத் தடை இருக்கும், அங்கிருந்து நடைதான். மாநிலப் போலீஸ் ஒரு வளையம், அறை வாசலில் துணை ராணுவம் ஒரு வளையம், இரண்டிலும் சோதனை நடக்கும். செல்போனுக்கு அனுமதி இல்லை. ஸ்மார்ட் வாட்சும் அதே கதைதான். பேனா அல்லது பென்சில், வெள்ளைத் தாள், 17-சி நகல்கள், இயந்திர எண் பட்டியல் ஆகியவற்றைக் கொண்டுபோகலாம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் வாசலிலேயே காட்டிச் சொல்லிவிட்டு எடுத்துப் போங்கள். வெளியே போனால் மறுபடி உள்ளே வருவது சிரமம் என்று நினைத்தே காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு வாருங்கள்.

பாதுகாப்பு அறையைத் திறக்கும்போது வேட்பாளரோ தலைமை முகவரோ நேரில் நிற்க வேண்டும். பூட்டில் உங்கள் தரப்பு வைத்த முத்திரை அப்படியே இருக்கிறதா, பதிவுப் புத்தகத்தில் முந்தைய திறப்பு ஏதாவது எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். இது முழுவதும் வீடியோ எடுக்கப்படும். மேசைக்கு வருவது கன்ட்ரோல் யூனிட் மட்டும்தான். வாக்குப்பதிவு யூனிட்டும் விவிபேட்டும் உள்ளேயே இருக்கும். ‘பெட்டி குறைகிறது’ என்று பதற வேண்டாம்.

முகவர்கள் உட்காரும் வரிசையும் விதிப்படிதான்: அங்கீகரிக்கப்பட்ட தேசியக் கட்சி, அங்கீகரிக்கப்பட்ட மாநிலக் கட்சி, பிறகு மற்றவர்கள், கடைசியில் சுயேச்சைகள். மேசைக்கும் உங்களுக்கும் நடுவே கம்பி வலைத் தடுப்பு இருக்கும். எட்டு மணிக்கு ஆர்.ஓ. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 128-வது பிரிவைப் படித்துக் காட்டுவார். வாக்கு ரகசியத்தைக் காக்க வேண்டும், மீறினால் 3 மாதம் வரை சிறை என்பது அதன் சாரம்.

தபால் வாக்கு: இங்கேதான் வழக்கு பிறக்கும்

எட்டு மணிக்குத் தபால் வாக்கு தொடங்கும். அரை மணி கழித்து இயந்திர எண்ணிக்கை தொடங்கும். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும். முன்பெல்லாம் தபால் வாக்கு முடியாமலே இயந்திரச் சுற்றுகள் எல்லாம் முடிந்துவிடுவதுண்டு. 2025 செப்டம்பரில் ஆணையம் ஒரு திருத்தம் கொண்டுவந்தது: தபால் வாக்கு முழுக்க முடிந்த பிறகே இயந்திர எண்ணிக்கையின் கடைசிக்கு முந்தைய சுற்றை எடுக்க வேண்டும். இந்த வரிசை மீறப்பட்டால் உடனே எழுத்தில் கொடுங்கள்.

தபால் மேசைக்கு உங்களிடம் இருக்கும் ஆட்களிலேயே கெட்டிக்காரரைப் போடுங்கள். இயந்திரம் எண்ணைக் காட்டிவிடும். தபாலில் ஒவ்வொரு உறையிலும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. வேலை நடக்கும் விதம் இது. முதலில் பெரிய உறையான 13-சி-யைத் திறப்பார்கள். உள்ளே இரண்டு பொருள் இருக்க வேண்டும்: 13-ஏ என்ற உறுதிமொழித் தாள், 13-பி என்ற ஒட்டிய சிறு உறை. உறுதிமொழியில் வாக்காளரின் கையெழுத்து இருக்கிறதா, அதிகாரி சான்றளித்திருக்கிறாரா, அதில் எழுதிய வாக்குச்சீட்டு எண்ணும் 13-பி உறை மேல் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்ப்பார்கள். இதில் ஒன்று தவறினாலும் சிறு உறையைத் திறக்காமலே தள்ளுபடி. மூன்றும் சரி என்றால் சிறு உறையைத் தனியே வைத்து, எல்லாவற்றையும் கலந்த பிறகுதான் திறப்பார்கள். யார் யாருக்குப் போட்டார் என்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக.

உள்ளே இருக்கும் சீட்டில் டிக் அடித்தாலும் பெருக்கல் குறி போட்டாலும் செல்லும். எந்தக் குறி என்பது முக்கியமில்லை, யாருக்கு என்பது தெளிவாக இருந்தால் போதும். குறியே இல்லாதது, இரண்டு பேருக்குப் போட்டது, இரண்டு பெயருக்கும் நடுக்கோட்டில் போட்டு யாருக்கென்று புரியாதது, கையெழுத்தோ பெயரோ எழுதி ஆளைக் காட்டிக்கொடுப்பது ஆகியவை செல்லாது. ராணுவத்தினருக்கு மின்னணு முறையில் போன சீட்டுகளில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து சரிபார்ப்பார்கள். எட்டு மணிக்குப் பிறகு வந்து சேரும் எந்த உறையும் எண்ணப்படாது.

2016-ல் ராதாபுரத்தில் ஐ.எஸ்.இன்பதுரை 49 வாக்கில் வென்றதாக அறிவிக்கப்பட்டபோது, எதிர்த்துப் போட்டியிட்ட மு.அப்பாவு நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது இந்தச் சான்றளிப்புப் பிரச்சினையைத்தான். நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் சான்றளித்த 203 தபால் வாக்குகள் தள்ளுபடியாகியிருந்தன. அந்தத் தபால் வாக்குகளையும் 19, 20, 21-வது சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் 2019 அக்டோபரில் உத்தரவிட்டது. எண்ணினார்கள், ஆனால் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. தென்காசியிலும் 2021 முடிவுக்குப் பிறகு தபால் வாக்கை மறுபடி எண்ண நீதிமன்ற உத்தரவு வந்து, 2023 ஜூலையில் எண்ணினார்கள், எஸ்.பழனி நாடாரின் வெற்றி நிலைத்தது.

எனவே தள்ளுபடியாகும் ஒவ்வொரு உறைக்கும் காரணத்தை எழுதிக்கொண்டே வாருங்கள்: ‘கையெழுத்து இல்லை 14, சான்று இல்லை 31, எண் பொருந்தவில்லை 6’ என்ற மாதிரி. வெற்றி வித்தியாசம் தள்ளுபடியான தபால் வாக்குகளின் எண்ணிக்கையைவிடக் குறைவாக இருந்தால், முடிவை அறிவிக்கும் முன் அவை எல்லாவற்றையும் ஆர்.ஓ. மறுபடி சரிபார்க்க வேண்டும், அதையும் வீடியோ எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் உங்கள் கணக்கு கையில் இருந்தால்தான் பேச முடியும்.

மேசையில் ஒரு சாவடிக்கு ஐந்து நிமிடம்

மேசையில் மேற்பார்வையாளர், உதவியாளர், மத்திய அரசு ஊழியரான நுண்பார்வையாளர் என்று மூவர் இருப்பார்கள். கன்ட்ரோல் யூனிட் பெட்டியோடு வரும். முதலில் பெட்டியின் முத்திரை, பிறகு யூனிட்டின் எண், பிறகு முகவரிச் சீட்டில் சாவடி எண். அடுத்தது பச்சைத் தாள் முத்திரை. ரிசல்ட் பொத்தானை மூடியிருப்பது இதுதான். இதைத் துளைத்தால்தான் பொத்தானை அழுத்த முடியும். உங்கள் ஆட்சேபம் எதுவாக இருந்தாலும் துளைக்கும் முன் சொல்லுங்கள். துளைத்த பிறகு ‘முத்திரை எண் வேறு’ என்றால் காட்ட முத்திரை இருக்காது.

யூனிட்டை ஆன் செய்து மொத்த வாக்கைப் பார்ப்பார்கள். உங்கள் 17-சி-யோடு பொருந்துகிறதா? பொருந்தினால் ரிசல்ட். திரையில் தேதி, நேரம், வேட்பாளர் எண்ணிக்கை, மொத்தம், பிறகு ஒன்றாவது வேட்பாளர் முதல் கடைசியில் நோட்டா வரை வரிசையாக ஓடும். திரை சின்னது, வலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. முகவர்கள் பார்க்கும்படி யூனிட்டைத் தூக்கிக் காட்ட வேண்டியது மேற்பார்வையாளரின் கடமை. தெரியவில்லையென்றால் ‘இன்னொரு தடவை போடுங்க சார்’ என்று கேளுங்கள். ரிசல்ட் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் எண் மாறாது, கேட்பதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. 2021-ல் கரூரில் 77 வேட்பாளர்கள். நோட்டாவோடு 78 வரி ஓடி முடிய வேண்டும். அந்த மாதிரி இடத்தில் ஒரே பார்வையில் எழுதிவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

உங்கள் தாளில் வேட்பாளர் வரிசை எண்ணை முன்பே அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு சுயேச்சை பூஜ்யம் வாங்கியிருப்பார். எழுதுபவர் அந்த வரியை விட்டுவிடுவார். அதற்குக் கீழே உள்ள எல்லோருடைய வாக்கும் ஒரு படி மேலே ஏறிவிடும். மேசைகளில் அதிகம் நடக்கும் பிழை இதுதான். அடுத்தது 132-ஐ 123 என்று எழுதுவது. எண் மாறிய பிழையைப் பிடிக்க வழி, எல்லா வேட்பாளர் வாக்கையும் நோட்டாவையும் கூட்டி இயந்திர மொத்தத்தோடு ஒப்பிடுவது. வரி தள்ளிப்போன பிழையைக் கூட்டல் மட்டும் காட்டாது. அதற்குக் கடைசி வரியான நோட்டாவில் இருப்பது திரையில் கடைசியாக வந்த எண்தானா என்று தனியே பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் மேற்பார்வையாளர் 17-சி-யின் இரண்டாம் பகுதியில் எழுதுவார். அதில் நீங்கள் கையெழுத்திட வேண்டும். எழுதியதை உங்கள் தாளோடு ஒப்பிட்டு முடிக்காமல் பேனாவைத் தொடாதீர்கள். நகல் கேட்டு வாங்குங்கள்.

எண் பொருந்தாவிட்டால்

17-சி-யில் 810, இயந்திரத்தில் 860 என்றால் சதி என்று குதிக்கும் முன் வித்தியாசத்தைப் பாருங்கள். சரியாக 50. காலையில் மாதிரி வாக்குப்பதிவில் குறைந்தது 50 வாக்கு போட்டுக் காட்டுவார்கள். அதை அழிக்க மறந்துவிட்டு உண்மையான பதிவைத் தொடங்கியிருக்கிறார்கள். சில இடங்களில் தலைமை அலுவலர் கடைசியில் க்ளோஸ் பொத்தானை அழுத்த மறந்திருப்பார். அப்போது ரிசல்ட் வராது. மேசையில் இருப்பவர் தானாக அழுத்திவிட விடாதீர்கள், அது ஆர்.ஓ.வும் ஆணையம் அனுப்பும் பார்வையாளரும் பார்க்க வேண்டிய விஷயம். திரையே வராத யூனிட்டுக்கு முதலில் பேட்டரியை மாற்றிப் பார்ப்பார்கள்.

மாதிரி வாக்கு அழியாததும், மொத்தம் பொருந்தாததும் ஒதுக்கி வைக்கப்படும். கடைசிச் சுற்று முடிந்ததும் ஒரு கணக்கு போடுவார்கள். முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் உள்ள வித்தியாசம், ஒதுக்கிய சாவடிகளில் பதிவான மொத்த வாக்கைவிட அதிகமா? அதிகமென்றால் அவற்றைத் தொடாமலே முடிவு அறிவிக்கலாம். சமமாகவோ குறைவாகவோ இருந்தால் அந்தச் சாவடிகளின் விவிபேட் சீட்டுகளை எண்ண வேண்டும். திரையில் ரிசல்ட் வராத யூனிட்டுக்கும் விவிபேட் சீட்டுதான் வழி. ஒதுக்கி வைத்த யூனிட்களின் பட்டியலை, சாவடி எண்ணும் மொத்த வாக்கும் போட்டு, ஆர்.ஓ. மேசையில் இருக்கும் உங்கள் ஆள் தனியாக வைத்திருக்க வேண்டும். மாலை ஆறு மணிக் குழப்பத்தில் இதை நினைவில் இருந்து யாரும் சொல்லமாட்டார்கள்.

சுற்று முடிவில்

மேசையில் எழுதியது சரியாக இருந்தும் தவறு நுழைவதற்கு இன்னொரு வாசல் இருக்கிறது. 14 தாள்களும் ஆர்.ஓ. மேசைக்குப் போய், கணினியில் ஏற்றி, சுற்றுவாரி மொத்தம் போடும் இடம் அது. 4-வது மேசையின் எண்ணை 5-வது மேசைக்கு நேராக ஏற்றினால் சுற்று மொத்தம் மாறாது, ஆனால் சாவடிவாரிப் பட்டியல் தப்பாகிவிடும். ஒரு வேட்பாளரின் எண்ணை அடுத்தவர் கட்டத்தில் ஏற்றினால் மொத்தமே மாறும். இயந்திரத்தைச் சந்தேகிக்கும் கண்ணில் பாதியை இந்தக் கணினிப் பக்கம் திருப்பினால் நல்லது.

ஒவ்வொரு சுற்றிலும் பார்வையாளர் எதேச்சையாக இரண்டு யூனிட்டை எடுத்துச் சரிபார்ப்பார். அது அவர் வேலை; உங்கள் வேலை 14-ஐயும் பார்ப்பது. சுற்று அறிவிப்பு ஒலிபெருக்கியில் வரும், பலகையிலும் எழுதப்படும். ஆர்.ஓ. மேசை முகவர் அதை வேட்பாளர்வாரியாக எழுதி, முந்தைய சுற்றோடு கூட்டி வர வேண்டும். மேசை முகவர்கள் தங்கள் எண் அறிவிப்பில் சரியாக வந்ததா என்று மேசையிலிருந்தே பார்க்கலாம். பிழை தெரிந்தால் அந்தச் சுற்றிலேயே எழுதிக் கொடுங்கள். ‘கடைசியில் சேர்த்துச் சொல்லலாம்’ என்று வைத்திருக்கும் புகாரைக் கடைசியில் யாரும் கேட்கமாட்டார்கள்.

ஐந்து விவிபேட்

கடைசிச் சுற்றுக்குப் பின், தொகுதிக்கு 5 சாவடி குலுக்கலில் எடுக்கப்படும். 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒன்று என்றிருந்ததை ஐந்தாக்கியது. எல்லாச் சாவடி எண்களும் எழுதிய அட்டைகள் பாத்திரத்துக்குள் போகின்றனவா என்று குலுக்கலுக்கு முன் பாருங்கள். மாதிரி வாக்கு அழியாமல் ஒதுக்கிய சாவடிகள் இதில் சேராது. வலையடித்த தனிக் கூண்டில் ஒரே குழு ஒன்றன்பின் ஒன்றாக எண்ணும். வேட்பாளர்வாரியாகப் பிரித்து 25, 25 சீட்டாகக் கட்டுவார்கள். இயந்திரம் தன்னைச் சோதித்துக்கொண்டு அச்சிட்ட சீட்டுகளும் பெட்டியில் கிடக்கும். அவை வாக்கு அல்ல. சீட்டுக்கும் இயந்திரத்துக்கும் வித்தியாசம் வந்தால் மறுபடி எண்ணுவார்கள். அப்போதும் பொருந்தாவிட்டால் சீட்டின் எண்தான் செல்லும். இது முடிய சில மணி நேரம் ஆகும். களைத்துப்போய் முகவர்கள் நழுவும் நேரமும் இதுதான்.

அந்த இரண்டு நிமிடம்

எல்லாம் கூட்டி முடித்ததும் ஆர்.ஓ. படிவம் 20-ல் இறுதிக் கணக்கை அறிவிப்பார். அறிவித்ததற்கும் கையெழுத்திடுவதற்கும் நடுவே சிறிது நேரம் விட வேண்டும். மறு எண்ணிக்கை வேண்டுமென்றால் இந்த இடைவெளியில்தான் கேட்க முடியும். விதி 63-ன்படி வேட்பாளரோ தலைமை முகவரோ, அவர்கள் இல்லையென்றால் எண்ணிக்கை முகவரோ, காரணத்தோடு எழுத்தில் கொடுக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட சாவடியின் விவிபேட் சீட்டை எண்ணக் கேட்பதும் இப்போதே. அது விதி 56-டி. கையெழுத்து விழுந்த பிறகு கொடுக்கும் மனு செல்லாது, எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும்.

ஆகவே போட்டி நெருக்கம் என்று தெரிந்ததுமே, கடைசி இரண்டு சுற்றுக்கு முன்பே, மனுவை எழுதி வைத்துவிடுங்கள். ‘எண்ணிக்கையில் சந்தேகம் உள்ளது’ என்று எழுதினால் ஆர்.ஓ. ஒரே வரியில் நிராகரிப்பார். ‘112-வது சாவடியில் 17-சி முதல் பகுதியில் 743, அறிவிப்பில் 734, தபால் வாக்கில் எண் பொருந்தவில்லை என்று 6 உறை தள்ளுபடி, அவற்றில் இரண்டில் எண் தெளிவாக இருந்தது’ என்று எழுதினால் அவரும் காரணம் சொல்லி எழுத்தில் உத்தரவு போட வேண்டியிருக்கும். மனு நிராகரிக்கப்பட்டாலும் அந்த உத்தரவின் நகல்தான் பிறகு நீதிமன்றத்தில் உங்களுக்கு முதல் ஆவணம்.

இருவருக்கும் சம வாக்கு வந்தால் 65-வது பிரிவின்படி ஆர்.ஓ. அங்கேயே குலுக்கல் போடுவார். நோட்டா முதலிடம் வந்தாலும் அடுத்து இருக்கும் வேட்பாளர்தான் வென்றவர். டெபாசிட் கணக்கிலும் நோட்டா சேராது: செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் 10,000 ரூபாய் திரும்ப வரும், எஸ்.சி., எஸ்.டி. வேட்பாளருக்கு 5,000. வென்றவருக்குப் படிவம் 22-ல் சான்றிதழ் தருவார்கள்.

முடிவுக்குப் பின் காலக்கெடு

மூன்று தேதிகளை நாட்காட்டியில் வட்டமிடுங்கள். 7 நாள்: இரண்டாம், மூன்றாம் இடம் வந்தவர்கள் தொகுதியில் 5 சதவீத இயந்திரங்களின் நினைவகச் சிப்பைச் சோதிக்கக் கேட்கலாம். 2024 ஏப்ரல் 26 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் வந்தது இது. கட்டணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். முறைகேடு தெரிந்தால் திரும்பக் கிடைக்கும். 30 நாள்: தேர்தல் செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும். தோற்றவர்கள் இதை மறந்து பின்னால் தகுதியிழப்பு நோட்டீஸ் வாங்குவார்கள். 45 நாள்: தேர்தல் வழக்கு உயர் நீதிமன்றத்தில் தாக்கலாக வேண்டும்.

இதற்கிடையே படிவம் 20-ன் சாவடிவாரி நகலை வாங்கி, 14 முகவர்களும் கொண்டுவந்த தாள்களோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒரு நாள் வேலை. மாறுபடும் சாவடிகளை, 17-சி இரண்டாம் பகுதியின் நகலோடு சேர்த்து, அந்த வாரத்திலேயே வழக்கறிஞரிடம் கொடுத்துவிடுங்கள்.